திரைப்பட இசைத்தட்டும் வரலாற்றுச் சான்றும்: சேகரிப்புக் குறித்த சில சிந்தனைகள்

தமிழ்ப் பேசும்படத்தின் வரலாறு, 1931 ஒக்டோபர் 31ஆம் திகதி சென்னையில் வெளியான 'காளிதாஸ்' படத்தோடு தொடங்குகின்றது என்பது யாவரும் அறிந்ததே. அப்படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. 1930களில் வெளிவந்த தமிழ்ப் படங்களுட் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுவே. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. ஓடி முடிந்த படத்தின் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதும் வழக்கமாயிருந்தது. இந்திய தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் நிறுவப்பட்டபோது காப்பதற்குரியவற்றுட் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டிருந்தது. இவ்வாறு படம் மறைந்த இடங்களில் வரலாற்றாசிரியனுக்கு எஞ்சியிருப்பவை பத்திரிகை விளம்பரங்கள், கொட்டகை வாசலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள் ஆகியனவே.

இவற்றுள் இசைத்தட்டு எமது ஆய்வாளரின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளது. அதனைப் பேணியோர் பல்கலைக்கழகத்துக்குப் புறம்பானவர்கள். பெரும்பாலும் எழுதுவினைஞர், ஆசிரியர், சிறுவணிகர், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர் முதலானோர். கற்றோர் வட்டாரத்தில் அவர்களது முயற்சி பழம்பொருட் பித்தாகவே நோக்கப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் நிலைமை மாறியுள்ளது. பழைய திரைப்பட வைனைல் தட்டுகளுக்கு உலகெங்கும் ஒரு சந்தை உருவாகியுள்ளது. ஒரு காலத்தில் நடைபாதையிற் குவித்து விற்கப்பட்ட தமிழ், இந்தி எல்.பி.கள் இன்று ஏலத்தில் விடப்படுகின்றன. விலை ஏறியதும் மதிப்பும் ஏறிவிட்டது. ஆயின் சந்தையின் மதிப்பும் வரலாற்றின் மதிப்பும் ஒன்றல்ல. இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தட்டு எதனாலானது என்பதை நோக்குதல் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பிணைபொருள் அவலரக்கு. அது ஒருவகைப் பூச்சி மரக்கிளைகளிற் சுரக்கும் பிசினிலிருந்து பெறப்படுவது. உலகச் சந்தைக்கு அதனை வழங்கிய பெரு நிலப்பகுதிகளுள் சோட்டா நாக்பூர் முக்கியமானது. காட்டில் ஆதிவாசிகள் திரட்டிய அரக்கு கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று தட்டாகத் திரும்பி வந்தது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலும், பின்னர் 1920களின் இறுதியில் டம்டமிலும் தொழிற்சாலைகள் அமைந்தபின், மூலப்பொருளும் உழைப்பும் சந்தையும் ஒரே நாட்டில் இருக்க, இலாபம் மாத்திரம் இலண்டனுக்குச் சென்றது. குடியேற்றப் பொருளாதாரத்தை மாணவருக்கு விளக்க இதனிலும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். நாய் அமர்ந்த எச்.எம்.வி., இரட்டை இசைக்குறி பொறித்த கொலம்பியா, குவிமாடக் கட்டடம் பொறித்த ஒடியன் என்பன போட்டி நிறுவனங்கள் போலத் தோற்றமளிப்பன. சேகரிப்போரும் இவற்றைத் தனித்தனிக் குடும்பங்களாகவே அடுக்குவர். உண்மையில் கிராமபோன் கம்பனியும் கொலம்பியாவும் 1931இல் இணைந்து இ.எம்.ஐ. என்னும் ஒரே நிறுவனமாயின. ஒடியனின் தாய் நிறுவனம் அதற்கு முன்னரே கொலம்பியாவின் பிடிக்குள் வந்திருந்தது. தமிழ்ச் சினிமா பேசத் தொடங்கிய அதே ஆண்டில் அதன் பாடல்களைப் பதிக்கவிருந்த பிரதான முத்திரைகள் ஒரே உடைமையின் கீழ் வந்துவிட்டன. 1970ஐ அண்டிப் பொலிடோர் இந்தியாவிற் கால்பதிக்கும் வரை இந்த ஏகபோகத்துக்குப் பெரிய சவால் எழவில்லை.

இசைத்தட்டு சினிமாவின் துணைப்பொருள் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. தமிழைப் பொறுத்தவரை இது காலவரிசையைத் தலைகீழாக்குவதாகும். நாடக மேடைப் பாடல்களுக்குத் தட்டுச் சந்தை உருவான பின்னரே தமிழ்ச் சினிமா பிறந்தது. கிட்டப்பா, சுந்தராம்பாள் போன்றோரின் குரல்கள் திரைக்கு முன்பே தட்டின் வழியாக ஊரெங்கும் அறிமுகமாகியிருந்தன. சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட நூலிலும், ஸ்டீபன் ஹியூஸ் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும் இத்தொடர்பு நன்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. ஏ.வி. மெய்யப்பனின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் படத்தயாரிப்பாளராகும் முன்னர் இசைத்தட்டு வணிகர். சென்னையில் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஒடியனுடன் இணைந்து தட்டுகளை வெளியிட்டது. அங்கிருந்தே அவர் 1935இல் 'அல்லி அர்ஜுனா'வுக்கு வந்து சேர்ந்தார். எந்தப் பாடல் விற்கும் என அறிந்த வணிகமே எந்தப் படம் எடுப்பது என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கியது எனலாம். தமிழ்ப் படங்களிற் பாடல்கள் மிகுந்திருந்தமைக்கு மக்களின் 'இசை நாட்டம்' ஒன்றையே காரணமாகக் கூறுவோர் இவ்வணிகப் பின்னணியைக் கருத்திற் கொள்வதில்லை.

இனி, தட்டிலுள்ள பாடல் படத்திலுள்ள பாடலேயா என்ற வினா எழுகின்றது. பல சமயங்களில் அன்று. பின்னணிப் பாடல் முறை வேரூன்றும் முன்னர் நடிகர் படப்பிடிப்பின்போதே பாடினர். வாத்தியக்காரர் கமராவின் கண்ணுக்குத் தப்பி அருகில் இருந்து வாசித்தனர். தட்டுக்காக அதே பாடல் ஒலிப்பதிவுக்கூடத்தில் மீண்டும் பாடப்பட்டது. பத்து அங்குல 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். எனவே விருத்தம் சுருங்கியது, சுரம் குறைந்தது, சரணம் ஒன்று விடுபட்டது, அல்லது பாட்டு நடுவிற் பிளந்து மறுபக்கத்துக்குச் சென்றது. பின்னாளில் இத்தட்டுகளிலிருந்தே எல்.பி. மறுபதிப்புகள் எடுக்கப்பட்டன. 'பழைய படப் பாடல்கள்' என்ற வண்ண உறையோடு அவற்றை வாங்குவோர் தாம் கேட்பது திரையில் ஒலித்த குரலே என நம்பினர். அதனைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளனும் இதே மயக்கத்துக்கு உள்ளாகக்கூடும்.

திரையில் ஒலித்ததும் எப்போதும் ஒரே குரலாயிருந்ததில்லை. 1945இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணி பாடிய பாடல்கள் மெய்யப்பனுக்குத் திருப்தியளிக்கவில்லை. அவை நீக்கப்பட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. உதடு ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது என்னும் பிரிவு பின்னர் தொழில்முறை விதியாகிவிட்டது. அவ்வாறு குரல் தனிப் பண்டமானபோது, அந்தப் பண்டத்துக்கு உரியவர் யார் எனத் தட்டின் முகத்திற் பொறிப்பது என்ற சிக்கலும் உடன் பிறந்தது.

இவ்விடத்தில் இந்திச் சினிமாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை விரித்துக் கூறுதல் தகும். 1949இல் வெளிவந்த 'மகல்' படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். இசையமைத்தவர் கேம்சந்த் பிரகாஷ். ஆனால் முதலில் வெளியான தட்டில் பாடகியின் பெயர் 'காமினி' என்றே இருந்தது. காமினி என்பது அப்படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். கற்பனைப் பாத்திரத்துக்குக் குரலின் உடைமை வழங்கப்பட்டது. குரலுக்குரிய பெண் தட்டில் இடம்பெறவில்லை. வானொலியிற் கேட்ட நேயர்கள் பாடியவர் யார் எனக் கடிதம் எழுதிக் கேட்ட பின்னரே உண்மைப் பெயர் வெளிவந்தது. இது விதிவிலக்கன்று, அக்காலத் தட்டுகளிற் பாத்திரப் பெயரைப் பொறிப்பது புதுமையாயிருக்கவில்லை. 'காமினி' என்று பொறித்த தட்டு இன்று ஒரு சேகரிப்பாளன் கையில் இருக்குமாயின் அவன் அதனை அரிய பிழைப்பதிப்பாக, விலைமதிப்புள்ள பொருளாகக் காண்பான். ஓர் உழைப்பு எவ்வாறு பெயரிழந்தது என்பதன் எழுத்துச் சான்றும் அதுவே. லதாவின் பெயரோடு திருத்தி வெளியிடப்பட்ட பிற்பதிப்பில் இச்சான்று இல்லை. முதற்பதிப்பைத் தேடும் சேகரிப்பாளனின் பிடிவாதம், அவன் நோக்கம் எதுவாயினும், இங்கு வரலாற்றுக்கு உதவுகின்றது.

வைனைல் மேனாட்டில் 1948இலும் இந்தியாவில் 1950களின் இறுதியிலும் அறிமுகமாயிற்று. ஆயின் 78 சுற்றுத் தட்டுகள் இந்தியாவில் ஏறத்தாழ 1970 வரை தொடர்ந்து உற்பத்தியாயின. மின்சாரமில்லாத ஊர்களில் சாவி கொடுத்து இயக்கும் பெட்டிகள் நெடுங்காலம் பாவனையில் இருந்தமை இதற்கு ஒரு காரணமாகும். புதிய தட்டு இலேசானது, உடையாதது, இரைச்சல் குறைந்தது. ஏழு அங்குல ஈ.பி.யில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல்கள் அடங்கின. படத்தில் ஆறு பாடல்கள் இருந்தால் இரண்டு விடப்பட்டன, அல்லது இன்னொரு தட்டுத் தேவைப்பட்டது. எல்.பி.யின் இரு பக்கங்களையும் இரு வேறு படங்களுக்குப் பங்கிடுவதும் உண்டு. ஹொலிவூட்டில் திரைப்பட இசைத்தட்டு என்றால் பெரும்பாலும் வாத்தியப் பின்னணி இசையே. மைசூரிற் பிறந்த சாபு நடித்த 'ஜங்கிள் புக்' படத்துக்கு மிக்லோஸ் ரோசா எழுதிய இசை 1942லேயே தட்டுகளாக வந்துவிட்டது. எமது தட்டுகளிலோ பாடல்கள் மாத்திரமே. ஒரு காட்சியின் துயரத்தையோ அச்சத்தையோ தாங்கி நின்ற பின்னணி இசை தட்டேறவில்லை. படச்சுருள் அழிந்தபோது அதுவும் உடன் அழிந்தது. தட்டுகளை மட்டுமே கொண்டு இசையமைப்பாளரை மதிப்பிடும் எழுத்துகளில் இக்குறை எப்போதும் உண்டு.

தமிழிலும் இந்தியிலும் கதைவசனத் தட்டு ஒரு தனி வகையாக வளர்ந்தது. 'பராசக்தி' (1952) வசனங்கள் தட்டிற் பதிந்து ஊர் ஊராக ஒலித்தன. 'திருவிளையாடல்' (1965) வசனம் எல்.பி.யாக வந்து கோயில் திருவிழாக்களின் நிரந்தரப் பகுதியாயிற்று. பொலிடோர் வெளியிட்ட 'ஷோலே' (1975) வசனத் தட்டின் விற்பனை இந்தியில் இதற்கு இணையானது. எழுத்தறிவு பெறாதவரும் திராவிட இயக்கத்தின் அடுக்குமொழியை மனனஞ் செய்ய முடிந்தமைக்கு மேடை, திரை ஆகியவற்றோடு தட்டும் ஒரு காரணம். ஒலிபெருக்கி உரிமையாளரின் பெட்டியிலிருந்து வரும் வசனத் தட்டுகளைச் சந்தை பெரிதும் மதிப்பதில்லை, அவை தேய்ந்திருக்கும். அரசியற் பண்பாட்டை ஆராய்வோனுக்கு அத்தேய்வே முக்கியம்.

தட்டை வாங்கியோர் சிலர், கேட்டோர் பலர். இதனை மறந்து தனிமனித வாசிப்பறையில் நிகழும் இன்றைய சேகரிப்பைப் பழங்காலத்தின் மீது ஏற்றிப் பார்த்தல் தவறு. வைனைல் தட்டும் அதனை இயக்கும் கருவியும் நடுத்தர வர்க்கத்துக்கே ஓரளவு எட்டக்கூடியன. தோட்டத் தொழிலாளியும் கமக்காரனும் தேநீர்க் கடையிலும் கலியாண வீட்டிலும் வானொலியிலுமே அவற்றைக் கேட்டனர். இவ்வகையில் இலங்கை வானொலியின் பங்கு தனித்து நோக்கற்பாலது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் தேவைக்காக அமைந்த வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பி பின்னர் இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரங்குறைந்தனவாகக் கருதி அகில இந்திய வானொலியில் அவற்றைக் கட்டுப்படுத்தினார். படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என்பது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. படத்தயாரிப்பாளர்கள் பாடல்களுக்கான அனுமதியை விலக்கிக்கொண்டனர். 1957இல் விவித பாரதி தொடங்கப்படும் வரை இந்திய நேயர்கள் இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பினர்.

எமது வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள், மயில்வாகனன் முதலானோர், படம், பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒலிபரப்பிய மரபை வெறும் வானொலிப் பாணி எனக் கொள்வதற்கில்லை. தட்டின் நடுவிலுள்ள சிறு வட்டத்தாளில் அச்சிடப்பட்டதை அதனைக் காணவே வாய்ப்பில்லாத இலட்சக்கணக்கானோருக்கு வாசித்துக்காட்டிய செயல் அது. எந்தப் பாடலை யார் எழுதினார் என்பதைப் பாமர நேயரும் அறிந்திருந்தமைக்கு இம்மரபு பெரிதும் துணைபுரிந்தது. இன்று கைப்பேசியிற் பாட்டுக் கேட்போர் பலருக்குப் பாடலாசிரியர் பெயர் தெரிவதில்லை என்பதை ஒப்புநோக்குக.

ஆயினும் அறிவிப்பாளர் வாசித்தது தாளில் இருந்ததை மட்டுமே. தாளில் இல்லாதோர் வாத்தியக் கலைஞர். வயலின் வரிசையில் இருந்தவர், தபேலா வாசித்தவர், குழலூதியவர், இசையமைப்பாளர் பாடிக்காட்டிய மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதி வாத்தியங்களுக்குப் பங்கிட்டவர் ஆகியோரின் பெயர்களை ஈ.பி. உறைகளிலும் எல்.பி. உறைகளிலும் தேடிக் காண்பது அரிது. பம்பாயில் இவ்வேலையின் பெரும்பகுதியைக் கோவாவிலிருந்து வந்த கிறிஸ்தவக் கலைஞர் செய்தனர். செபஸ்தியான் டிசூசா, அந்தோனி கொன்சால்வஸ் முதலியோரின் பெயர்கள் நெடுங்காலத்தின் பின்னரே பொது அறிவுக்கு வந்தன. கிரெகரி பூத் இக்கலைஞர்களை நேரிற் கண்டு திரட்டிய சான்றுகளை 2008இல் நூலாக வெளியிட்டார். தட்டுகளை எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் இத்தகவல் அவற்றிலிருந்து கிடைத்திராது. சென்னைக் கலைஞர் குறித்து அத்தகைய விரிவான பணி வேண்டியுள்ளது; முதிய தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

பெயர் இல்லாமை புகழ் பற்றிய சிக்கல் மட்டுமன்று. அது ஊதியம் பற்றியதுமாகும். 1977இல் இந்திய உயர்நீதிமன்று ஒரு வழக்கில், உடன்படிக்கையில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின் திரைப்படத்துக்காகப் பணம் பெற்று ஆக்கிய இசைக்கும் பாடலுக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் எனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த இசை உரிமைச் சங்கம் தோற்றது. நீதியரசர் வீ.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்போடு உடன்பட்டபோதிலும் தனியாக ஒரு குறிப்புச் சேர்த்தார். பாட்டின் உயிர் பாடுவோரிடமும் உள்ளதாயிருக்க, சட்டம் பாடகருக்கு எவ்வுரிமையும் தராதிருப்பது சரியா எனச் சட்டமன்றம் சிந்திக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் 1957இன் கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர் என்பது இக்குறிப்பை வாசிப்போர் மனத்தில் எழாமற் போகாது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமப்பங்கை முற்றாக எழுதிக்கொடுக்க இயலாதவாறு பாதுகாப்பு வந்தது 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேயே. அதற்கு முன்னர் ஒரு தலைமுறை முடிந்துவிட்டது. வாத்தியக் கலைஞன் தன் பங்கைக் கோருவதாயின் தட்டுறையில் இல்லாத பெயரை எவ்வாறு நிறுவுவான்?

சேகரிப்பாளர்களின் பணிக்கு மீள்வோம். அவர்களுட் சிலர் பொருளைச் சேர்ப்பதோடு அமையாது பட்டியலையும் ஆக்கினர். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' தனி முயற்சியாகத் தொகுத்து, 1980கள் தொடக்கம் வெளிவரச் செய்த இந்தித் திரைப்பாடற் கோசம் தட்டெண்களையும் உள்ளடக்கியது. இந்தித் திரையிசையை ஆராயும் எவரும் அதனைத் தவிர்க்க முடியாது. மைக்கல் கினியர் கிராமபோன் கம்பனியின் தொடக்ககால இந்தியப் பதிவுகளுக்கு 1994இல் தட்டெண் அட்டவணை தந்தார். பம்பாயில் 1990இல் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தன் இதழ் வழியே இவ்வகைத் தகவல்களைப் பரப்பிற்று. தமிழுக்கு 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் தந்த பெருந்தொகுப்பு படங்களைப் பற்றியது. தட்டெண் வரிசைக்கு அத்தகைய முழுமையான கோசம் எழுதப்படவேண்டும்.

மற்றொரு சாராரின் அளவுகோல் வேறு. கீறலற்ற தட்டு, கிழியாத உறை, எழுத்துப்படாத வட்டத்தாள் என்பனவே அவர்களுக்கு உயர்ந்தவை. உறையில் கடைமுத்திரையோ முன்னைய உரிமையாளரின் பெயரோ இருந்தால் விலை குறைகின்றது. சிலர் அவற்றை அழிக்கவும் முற்படுகின்றனர். இது ஏட்டுச்சுவடியின் ஓரக்குறிப்பைச் சுரண்டி எறிவது போன்றது. எந்த ஊர்க் கடையில் விற்றது, எந்த ஒலிபெருக்கி நிலையத்துக்குச் சொந்தமாயிருந்தது, எந்தக் கலியாணத்துக்கு அன்பளிப்பாகச் சென்றது என்பனவெல்லாம் அம்முத்திரைகளில் உள்ளன. பாடல் எவ்வாறு பரவியது என்பதற்கு அவற்றிலும் சிறந்த ஆவணம் எமக்குக் கிடையாது.

அழிவும் இத்துறையில் வேகமாகவே நிகழ்ந்துள்ளது. பழைய புத்தகங்களும் தட்டுகளும் விலைப்பட்ட சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. 1980களில் ஒலிநாடா பரவியதும் தட்டுகள் பாரமாயின. எமது நாட்டில் இதற்கு மேலும் காரணங்கள் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதை யாவரும் அறிவர். அதுபற்றி எழுதப்பட்டவை பல. 1983இல் எரிந்த வீடுகளிலும் கடைகளிலும் இருந்த தட்டுகளுக்கு எவரும் பட்டியல் எழுதியதில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது கையிற் கொண்டுசெல்லத்தக்கது எது, தகாதது எது என ஒவ்வொரு வீடும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தட்டுப் பெட்டியின் பாரத்தைத் தூக்கிப் பார்த்தவர் எவரும் அந்தத் தீர்மானத்தை ஊகிக்கலாம்.

சில சமயம் தட்டு படத்தை விஞ்சியும் நிற்கின்றது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தின் இசைத்தட்டில் எஸ். ஜானகி பாடிய, விடியற்பொழுதைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. படத்தில் அது இல்லை. இளையராஜாவின் மிக விரும்பப்படும் பாடல்களுள் ஒன்றாக அது நிலைத்தது முற்றாகத் தட்டினாலும் வானொலியினாலுமே. படச்சுருளை மட்டும் காக்கும் காப்பகத்தில் இப்பாடலுக்கு இடமில்லை.

ஆகவே எமது பல்கலைக்கழக நூலகங்களோ சனசமூக நிலையங்களோ எஞ்சியுள்ள தட்டுகளுக்கு அட்டவணை ஆக்க முற்படுமாயின், ஒவ்வோர் அட்டையிலும் படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் எழுதுவது போதாது. தட்டெண்ணையும், வட்டத்தாளுக்கு அருகே கண்ணுக்குப் புலப்படாத அளவிற் பொறித்த அச்செண்ணையும் குறிக்க வேண்டும். பெயர்களைத் திருத்தாது, தாளில் உள்ளவாறே, 'காமினி' என்றிருந்தால் 'காமினி' என்றே எழுதவேண்டும். கடைமுத்திரை, பென்சிற் கையெழுத்து, ஒட்டிய விலைச்சீட்டு, பக்கத்தில் எந்தப் பாடலின் தடம் மற்றவற்றினும் வெளிறித் தேய்ந்திருக்கின்றது என்ற விவரம் ஆகியவற்றுக்கும் அட்டையின் கீழ்ப்பகுதியில் இடம் விடப்பட வேண்டும்.